அர்ச்சனா குடியிருந்த வீடுகள்

(பள்ளிக்கரணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குடியிருப்போரும் வாசகர்களும் கூடிய அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நடிகை அர்ச்சனாவின் திரைவாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. அதைப் பேசுவதற்குப் பள்ளிக்கரணையைவிடப் பொருத்தமான ஊர் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் மனை வாங்கி வீடு கட்டியவர்கள். மீதிப்பேரில் பலர் அப்பா அம்மா கட்டிய வீட்டில் இருப்பவர்கள். இன்னும் சிலர் வாடகை வீட்டில் இருந்துகொண்டே ஜல்லடியன்பேட்டைப் பக்கமோ மேடவாக்கத்தைத் தாண்டியோ அரை கிரவுண்டாவது அமையாதா என்று விசாரித்துக்கொண்டிருப்பவர்கள். பத்திரம், பட்டா, வில்லங்கம், அப்ரூவல் என்று யாராவது பேச ஆரம்பித்தாலே நமக்கு அடிவயிறு கலங்கும். அந்தக் கலக்கத்துக்குத் தமிழ்த் திரையில் ஒரு முகம் கொடுத்தவர் அர்ச்சனா.

நான் சொல்வது 1988இல் வெளியான 'வீடு' படத்தை. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றும் பாலுமகேந்திரா. படத்தில் பாட்டு கிடையாது. பின்னணிக்கு இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சுதா என்ற பெண் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தாத்தா, தங்கை இந்து, சுதா என்று மூன்று பேர் கொண்ட குடும்பம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். வேறு வீடு தேடினால் வாடகையும் அட்வான்ஸும் கைக்கு எட்டவில்லை. கூட வேலை பார்க்கும் ஒரு பெரியவர், சொந்தமாகவே கட்டிவிடலாமே என்கிறார். குடும்பத்துக்கு இரண்டு மனைகள் இருக்கின்றன. ஒன்றை விற்று மற்றதில் கட்டுவது என்று முடிவாகிறது. சுதாவுக்குத் துணை, அவள் மணக்கவிருக்கும் கோபி. அந்த வேடத்தில் பானுசந்தர் நடித்தார். தாத்தாவாக சொக்கலிங்க பாகவதர். வீடு கட்டும் படலம்தான் மொத்தப் படமும்.

1987ஆம் ஆண்டுக்கான தமிழ்த் திரைப்படத் தேசிய விருது 'வீடு' படத்துக்குக் கிடைத்தது. சிறந்த நடிகைக்கான தேசிய விருது அர்ச்சனாவுக்கு. அடுத்த ஆண்டும் அதே விருது அவருக்கே வந்தது, இந்த முறை 'தாசி' என்ற தெலுங்குப் படத்துக்காக. இப்படி அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த விருதை வாங்கியவர்கள் மிகச் சிலர். அவருக்கு முன் ஷபானா ஆஸ்மி தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வாங்கினார். பின்னாளில் கங்கனா ரனாவத் இரண்டு ஆண்டுகள். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1985ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருது 'சிந்து பைரவி'யில் நடித்த சுஹாசினிக்கு. 1986க்கு, 'நகக்ஷதங்கள்' என்ற மலையாளப் படத்தில் நடித்த மோனிஷாவுக்கு. பிறகு இரண்டு ஆண்டுகள் அர்ச்சனா. நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாகத் தென்னிந்தியப் பெண்களின் நடிப்பை நாடு முழுக்கத் திரும்பிப் பார்த்த காலம் அது. அந்தக் காலத்தின் சரிபாதி அர்ச்சனாவுடையது. ஆனாலும் எண்பதுகளின் கதாநாயகிகள் யார் யார் என்று இன்று பத்துப் பேரைக் கேட்டால், எத்தனை பேர் வாயில் அவர் பெயர் வரும்? இந்த வருத்தம்தான் என்னை இங்கே பேச நிறுத்தியிருக்கிறது.

தொடக்கக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அர்ச்சனாவின் தாய்மொழி தெலுங்கு. 1984இல் வந்த பாலுமகேந்திராவின் 'நீங்கள் கேட்டவை' படத்தில் தமிழ் ரசிகர்கள் அவரைப் பார்த்தார்கள். அது முழுக்க முழுக்க வணிகப் படம். 1986இல் அதே இயக்குநர், தான் மலையாளத்தில் எடுத்த 'யாத்ரா'வைத் தெலுங்கில் 'நிரீக்ஷணா' என்று எடுத்தபோது, அதில் பானுசந்தருக்கு ஜோடியாக அர்ச்சனா நடித்தார். அது தமிழிலும் 'கண்ணே கலைமானே' என்ற பெயரில் வந்தது. 1987இல் 'ரெட்டைவால் குருவி'. மோகன், ராதிகா, அர்ச்சனா நடித்த நகைச்சுவைப் படம். இவற்றை இன்று பார்த்தாலும் அவர் நன்றாகவே நடித்திருக்கிறார். என்றாலும் அந்த வேடங்களை வேறொருவரும் செய்திருக்கலாம். 'வீடு' படத்தின் சுதாவை வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏன் என்று விளக்க, அந்தக் காலத்துத் தமிழ்க் கதாநாயகியின் முகம் எப்படித் திரைக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அரங்கில் பலமான விளக்குகள். முகம் முழுக்க ஒரே வெளிச்சம். அந்த வெளிச்சம் தாங்கும் அளவுக்கு அழுத்தமான ஒப்பனை. நிறம் கொஞ்சம் குறைவு என்றால் ஒப்பனைக்காரர் மூன்று மடங்கு வெளுப்பாக்கிவிடுவார். நம் தெருவில், நம் பேருந்து நிறுத்தத்தில், நம் வீட்டுக் கூடத்தில் பார்க்கும் மாநிறப் பெண் திரையில் தோழியாக வருவாள், வேலைக்காரியாக வருவாள். கதாநாயகியாக வருவது அபூர்வம். பாலுமகேந்திரா புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். சன்னல் வழியாக வரும் வெயில், கதவிடுக்கில் விழும் ஒளி, மழைக்கால மூட்டம் என்று இருக்கிற வெளிச்சத்தை நம்பிப் படமெடுத்தவர். அந்த வெளிச்சத்தில் கருத்த முகம் துலங்கியது. முதலில் நடிகை ஷோபா, பிறகு அர்ச்சனா.

அந்த ஒளிப்பதிவு பார்ப்பதற்கு இதமானது. நடிப்பவருக்கு மிகக் கடினமானது. விளக்கு போட்ட அரங்கில் நடிகை எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் குறி போட்டிருப்பார்கள். அங்கே நின்று முகத்தைத் தூக்கினால் கண்ணில் நீர் மின்னும், உதட்டுத் துடிப்பு தெரியும். இயற்கை ஒளியில் பாதி முகம் இருட்டில் கிடக்கும். கண் தெரியாது. அப்போது நடிப்பு முகத்தைத் தாண்டி வர வேண்டும். தோளில், நடையில், கைப்பையைப் பிடித்திருக்கும் பிடியில், திரும்பி நிற்கும் முதுகில் வர வேண்டும். 'வீடு' படத்தில் அர்ச்சனாவின் நடிப்பு அங்கேதான் இருக்கிறது. ஒப்பனை இல்லை. பருத்திப் புடவை, எண்ணெய் வைத்துப் பின்னிய தலை. அலுவலகம் முடிந்து மனைக்கு ஓட வேண்டும், மனையிலிருந்து அலுவலகத்துக்கு ஓட வேண்டும் என்ற அவசரம் நடையிலேயே ஏறியிருக்கும்.

இதற்கு முன்னும் நம் திரையில் வேலைக்குப் போகும் பெண் இருந்தாள். 1974இல் கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'யில் சுஜாதா நடித்த கவிதாவை யாரால் மறக்க முடியும்? குடும்பத்தையே தோளில் சுமந்த பெண். ஆனால் கவிதாவுக்கு வசனம் இருந்தது. சுருக்கென்று குத்தும் வசனம். அவள் பேசும்போது அரங்கம் கைதட்டியது. சுதாவுக்கு அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. அவள் பேசுவதெல்லாம் செங்கல் எப்போது வரும், பணம் எவ்வளவு குறைகிறது, இந்த வாரம் மேஸ்திரி வருவாரா என்பதைத்தான். கைதட்ட இடமே கொடுக்காத வசனங்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் நம்மை இருக்கையில் உட்கார வைக்க வேண்டும். அர்ச்சனா எப்படிச் செய்தார்? எனக்குத் தெரிந்த விடை, அவர் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டார். படத்தில் சுதாவிடம் எல்லோரும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுக்காரர், தரகர், காண்ட்ராக்டர், அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்கள், அரசு அலுவலர்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவளுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. இவ்வளவு கடன், இவ்வளவு நகை, இவ்வளவு சம்பளம். அந்தக் கணக்கு உதிக்கும் இடத்தையும், போதாது என்று தெரியும் இடத்தையும் அவர் முகத்தில் தனித்தனியாகப் பார்க்கலாம். வீடு கட்டியவர்கள் அதைப் பார்த்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

படத்தில் ஒரு பகுதியைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். அஸ்திவாரம் போட்டு, சுவர் எழும்பி, வேலை நடந்துகொண்டிருக்கிறது. காண்ட்ராக்டர் சிமெண்டைத் திருடி விற்கிறான். சுதாவுக்குத் தெரியாது. பகல் முழுக்க அலுவலகத்தில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? அதை அவளிடம் போட்டு உடைப்பவள் அங்கே சித்தாள் வேலை செய்யும் மங்கம்மா. 'பசி' சத்யா நடித்த வேடம். துரை இயக்கிய 'பசி'யில் நடித்ததால் அந்த அடைமொழி அவருக்கு வந்தது. காண்ட்ராக்டரை நேருக்கு நேர் கேட்க வேண்டிய இடத்தில், அதுவரை குரல் உயர்த்தாத சுதா குரல் உயர்த்துகிறாள். அந்தக் கோபத்துக்கு அவள் பழக்கப்பட்டவள் இல்லை என்பது பார்க்கும்போதே தெரியும். அதற்கப்புறம் வேலையை எடுத்து நடத்துவது மங்கம்மாவின் துணையால்தான். படித்த பெண்ணும் ஜல்லிச் சட்டி சுமக்கும் பெண்ணும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் அந்த உறவை ஒரு சொட்டு உபதேசம் இல்லாமல் இரண்டு நடிகைகளும் கொண்டுவந்தார்கள். இந்தப் பகுதியில் எழும்பிய ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒரு மங்கம்மா இருந்திருப்பாள். திருவண்ணாமலைப் பக்கமிருந்தோ விழுப்புரம் பக்கமிருந்தோ வந்து, சாலையோரம் குடிசை போட்டுத் தங்கி, சென்ட்ரிங் பிரிக்கும்வரை இருந்துவிட்டு அடுத்த மனைக்குப் போனவள். வீட்டுக்காரர்களான நமக்கு அவள் பெயராவது நினைவிருக்கிறதா என்று இந்தப் படம் கேட்காமல் கேட்கிறது.

தாத்தா காட்சியையும் சொல்லாமல் விட முடியாது. கட்டி முடியாத வீட்டைப் பார்க்கக் கிழவர் தனியாகக் கிளம்பி வருகிறார். சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். அறை அறையாக நடக்கிறார். அந்தச் சந்தோஷத்தோடு அவர் ஆயுசும் முடிந்துவிடுகிறது. நாடக மேடையில் வாழ்நாளைக் கழித்த சொக்கலிங்க பாகவதருக்குத் திரை தந்த மிகப் பெரிய காட்சி அது. அந்தக் காட்சியில் அர்ச்சனா இல்லை. ஆனால் அந்தக் காட்சி நம்மை உலுக்குவதற்குக் காரணம், அதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சுவர்களுக்காக அவர் பட்ட பாட்டை நாம் பார்த்திருப்பதுதான். தான் இல்லாத காட்சிக்கும் உயிர் கொடுத்துவைத்துவிட்டுப் போவது எல்லா நடிகைக்கும் வாய்க்காது.

இந்த வீடு படப்பிடிப்புக்காக அட்டையிலும் பிளைவுட்டிலும் போட்ட அரங்கம் கிடையாது. சாலிகிராமத்தில் உண்மையாகவே கட்டடம் எழும்ப எழும்பப் படம் பிடித்தார்கள். பின்னாளில் அதே இடத்தில்தான் பாலுமகேந்திரா தன் 'சினிமாப் பட்டறை'யை நடத்தினார். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர் அவர். சிறு வயதில் தன் தாயார் வீடு கட்டியபோது பட்ட பாட்டைக் கண்டதுதான் இந்தப் படத்துக்கு விதை என்று சொல்லியிருக்கிறார். ஆகவே சுதாவுக்குள் ஒரு ஈழத்துத் தாயும் இருக்கிறாள். அந்த நினைவைச் சென்னைப் பெண்ணின் உடம்பில் ஏற்றிக் கொடுத்தவர் தெலுங்கு பேசி வளர்ந்த ஒரு நடிகை.

இப்போது படத்தின் முடிவு. வேலை முடிகிற நேரத்தில் குடிநீர் வாரியத்திலிருந்து ஆள் வந்து, இந்த நிலம் ஏற்கெனவே வாரியத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டது என்கிறார். அப்ரூவல் வாங்கியிருக்கிறோமே என்றால், அது வேறு அலுவலகம். சுதாவும் கோபியும் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். நீதிக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதோடு படம் நின்றுவிடுகிறது.

பள்ளிக்கரணையில் இந்த முடிவைப் பற்றிப் பேசும்போது கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது. நாம் இருப்பது சதுப்பு நிலத்தின் ஓரத்தில். 2022இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட சுமார் 1,248 ஹெக்டேர் நிலம் நம் வாசலுக்கு எதிரே இருக்கிறது. அந்தச் சதுப்பு ஒரு காலத்தில் இதைவிடப் பல மடங்கு பெரியது. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் வந்து தங்கும் இடம் அது. தங்க இடம் குறைந்தபோது 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் நம் கூடத்துக்குள் வந்தது. நீருக்கு அதன் இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதே சமயம் பஞ்சாயத்து அப்ரூவலைக் காட்டி, பத்திரம் பதிந்து, வங்கிக் கடனும் கொடுத்த பிறகு, இருபது வருடம் வரி கட்டிய ஒருவரிடம் உன் சர்வே எண் சரியில்லை என்று சொல்லும்போது அந்த மனிதர் முகம் எப்படி இருக்கும்? 'வீடு' படத்தின் கடைசியில் அர்ச்சனாவின் முகம் அதுதான். விற்றவர் யார், அனுமதித்தவர் யார், கடைசியில் மாட்டிக்கொண்டவர் யார் என்ற மூன்று கேள்வியும் அந்த முகத்தில் இருக்கின்றன. அந்த இடத்தில் அவர் ஓலமிட்டு அழுதிருந்தால் நாமும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை. அதனால்தான் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்த முகம் நம்மை விட மாட்டேன் என்கிறது.

அர்ச்சனாவின் மற்ற மூன்று படங்களையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அவர் திரைவாழ்க்கையின் உருவம் எனக்குப் புலப்பட்டது. 1988, 1989 என்ற இரண்டே ஆண்டுகளை ஒட்டி வந்த நான்கு படங்கள். மூன்று மொழிகள். மூன்று இயக்குநர்கள். நான்குமே வீட்டைப் பற்றிய படங்கள்.

'தாசி'யை எடுத்தவர் பி. நரசிங் ராவ். ஓவியர், கவிஞர். கௌதம் கோஷ் இயக்கிய 'மா பூமி'யைத் தயாரித்தவர்களில் ஒருவர். நிஜாம் ஆட்சிக் காலத் தெலங்கானாவில், ஊர் நிலக்கிழாரான தொரையின் கடி என்று சொல்லப்படும் பெரிய மாளிகை. அங்கே அடிமையாக இருக்கும் பெண் கமலாட்சி. தொரையின் மனைவியான தொரைசானி கல்யாணமாகி வரும்போது சீதனத்தோடு சீதனமாக அனுப்பப்படும் பெண்கள் அப்படி இருந்தார்கள். வீட்டு வேலை அத்தனையும் அவள் தலையில். தொரையோ விருந்தாளியோ கூப்பிட்டால் போயாக வேண்டும். கருத்தரித்தால் அதைக் கலைக்க வேண்டும் என்பதும் அந்த வீட்டின் முடிவு, அவளுடையது இல்லை. இந்தப் படத்தில் அர்ச்சனாவுக்குப் பேச்சு இன்னும் குறைவு. அவருக்குத் தாய்மொழிப் படம். பேச நிறைய இருந்திருக்கக்கூடிய மொழி. அங்கேதான் அவர் மிகக் குறைவாகப் பேசினார். ஏவிய வேலையைச் செய்துகொண்டே இருக்கிறார். குனிந்த முதுகு நிமிர்வதே இல்லை. சுதாவின் வேக நடை இங்கே இல்லை. அடுத்து என்ன ஏவுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நடக்கும் நடை. ஒரே நடிகை, ஒரு வருட இடைவெளி, நடையையே மாற்றிக்கொண்டார். அந்தப் படத்துக்கு அந்த ஆண்டு ஐந்து தேசிய விருதுகள் கிடைத்தன. ஒளிப்பதிவுக்கு ஏ.கே. பிர், கலைக்கு ஓவியர் வைகுண்டம் ஆகியோரும் அதில் அடக்கம்.

அதே ஆண்டு விருதுப் பட்டியலில் நாட்டின் சிறந்த படமாகத் தேர்ந்தது ஷாஜி என். கருணின் மலையாளப் படம் 'பிறவி'. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவில் அறிமுக இயக்குநர்களுக்கான கேமரா தோர் பிரிவில் சிறப்புக் குறிப்பும் பெற்றது. அதிலும் அர்ச்சனா இருக்கிறார். சிறந்த நடிகை விருது ஒரு படத்துக்கு, சிறந்த படம் இன்னொன்று, இரண்டிலும் அவர். நெருக்கடி நிலைக் காலத்தில் கோழிக்கோட்டில் பொறியியல் மாணவர் ராஜனைப் போலீஸார் பிடித்துக்கொண்டுபோன வழக்கை நினைவூட்டும் கதை. மகன் வருவான் என்று வயதான தந்தை நாள்தோறும் பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கிறார். தந்தையாக நடித்த பிரேம்ஜிக்குச் சிறந்த நடிகர் விருது. மகள் மாலதி ஆசிரியை. அவள் திருவனந்தபுரத்துக்குப் போய் விசாரித்து, தம்பி இனி வரமாட்டான் என்று தெரிந்துகொண்டு திரும்புகிறாள். அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. தெரிந்ததை உள்ளே வைத்துக்கொண்டு, தெரியாதவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு, மழை பெய்யும் அந்த வீட்டில் நடமாடுகிறாள். படத்தின் பேர் முழுக்க அப்பாவுக்குப் போனது. அதில் தவறில்லை, பிரேம்ஜி அவ்வளவு பெரிய நடிப்பைத் தந்தார். ஆனால் அந்த அப்பாவின் நம்பிக்கை நம் நெஞ்சைப் பிசைய வேண்டுமானால், உண்மை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த இருப்பை அர்ச்சனா தந்தார். துணைவேடம் என்று தள்ளிவிட முடியாத வேடம் அது.

நான்காவது வீடு 'சந்தியா ராகம்'. 1989இல் மறுபடியும் பாலுமகேந்திரா, மறுபடியும் சொக்கலிங்க பாகவதர். மனைவியை இழந்த கிராமத்துக் கிழவர் சென்னையில் இருக்கும் தம்பி மகன் வீட்டுக்கு வருகிறார். தம்பி மகனாக நடித்தவர் ஓவியர் வீர சந்தானம். அவர் மனைவி துளசியாக அர்ச்சனா. சின்ன வாடகை வீடு, சின்ன சம்பளம். கிழவரை வெறுக்க அவளுக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு வாய் கூடினால் அரிசி கூடும், ஒரு பாய் விரித்தால் நடக்க இடம் இருக்காது. பாசத்துக்கும் பற்றாக்குறைக்கும் நடுவில் அந்தப் பெண் படும் பாட்டை அவர் கெட்டவளாகவும் காட்டவில்லை, தியாகியாகவும் காட்டவில்லை. நம் வீட்டுப் பெண்கள் எப்படியோ அப்படி. வீட்டில் மனக்கசப்பு வந்து கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விடுகிறார். 'வீடு' படத்தில் தாத்தாவுக்காக வீடு கட்டத் துடித்த அதே பெண் முகம், இங்கே அதே பாகவதருக்கு இடம் கொடுக்க முடியாமல் தவிக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தூக்கம் வராது. குடும்ப நலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. தன் படங்களில் மனநிறைவு தந்தவை என்று பாலுமகேந்திரா கடைசிவரை சொல்லிவந்தது இந்த இரண்டையும்தான்.

கட்ட முடியாத வீடு, அடிமைப்பட்ட வீடு, பிள்ளை திரும்பாத வீடு, இடம் போதாத வீடு. இந்தியச் சினிமாவில் வேறு எந்த நடிகைக்காவது இரண்டு வருடத்துக்குள் இப்படி ஒரு வரிசை அமைந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்குத் தோன்றவில்லை.

இதற்குப் பிறகு என்ன நடந்தது? தெலுங்கில் நரசிங் ராவின் 'மட்டி மனுஷுலு' 1990இல் வந்தது. கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பிழைக்க வந்து கட்டட வேலை செய்யும் கூலிகளின் கதை. சுதாவின் மனையில் மங்கம்மா நின்ற இடத்தில் இப்போது அர்ச்சனாவே நின்றார் என்று சொல்லலாம். தமிழில்? தொண்ணூறுகளில் தமிழ்ச் சினிமா அவருக்கு உருப்படியாக ஒரு வேடம் கொடுக்கவில்லை. இரண்டு முறை தேசிய விருது வாங்கிய நடிகை, வயது முப்பதைச் சுற்றி, நடிப்பு முதிர்ந்துவரும் நேரம். அந்த நேரத்தில்தான் நம் கதைகளில் பெண்ணுக்கு இடம் சுருங்கியது. முப்பது வயதுப் பெண்ணுக்கு அக்கா வேடம், முப்பத்தைந்தில் அம்மா வேடம் என்ற ஏற்பாட்டுக்குள் அவர் அடங்கவில்லை. குறை அவரிடம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. எழுதியவர்களிடமும் முதல் போட்டவர்களிடமும் இருந்தது, பார்க்கிற நம்மிடமும் இருந்தது.

2007இல் தங்கர் பச்சான் தன் நாவலையே படமாக்கிய 'ஒன்பது ரூபாய் நோட்டு' வந்தது. பண்ருட்டிப் பக்கத்து விவசாயி மாதவப் படையாச்சியாகச் சத்யராஜ், அவர் மனைவி வேலாயியாக அர்ச்சனா. பெற்ற பிள்ளைகளால் மனம் நொந்து, வாழ்ந்த வீட்டை விட்டு இரண்டு பேரும் வெறுங்கையோடு வெளியேறுகிறார்கள். அதுவும் ஒரு வீட்டின் கதை. முகத்தில் வயது ஏறியிருந்தது. சென்னை அலுவலகப் பெண்ணாக நாம் அறிந்தவர் முந்திரிக் காட்டு மண்ணில் பிறந்தவராகவே தெரிந்தார். சத்யராஜ் என்ற பெரிய உருவத்துக்குப் பக்கத்தில், அவரை முந்தவும் முயலாமல் பின்தங்கவும் செய்யாமல் அர்ச்சனா நடந்தார். நீண்ட தாம்பத்தியம் என்பதை வசனம் இல்லாமல் காட்டிய நடை அது. பிறகு 'அழியாத கோலங்கள் 2' போன்ற சில படங்கள் வந்தன. எண்ணிக்கையில் குறைவுதான்.

கடைசியாக ஒரு விஷயம். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். பாலுமகேந்திரா 2014 பிப்ரவரியில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் மேடை மேடையாக ஒரு வேதனையைச் சொல்லிக்கொண்டிருந்தார். 'வீடு' படத்தின் நெகட்டிவ் இப்போது இல்லை, 'சந்தியா ராகம்' நெகட்டிவும் இல்லை, தமிழ்நாட்டில் ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்றார். ஒரு நடிகையின் வாழ்நாள் உழைப்பில் உச்சமான இரண்டு படங்களின் மூலப்படிவம் அழிந்துவிட்டது. இன்று நாம் பார்ப்பது எங்கெங்கோ மிஞ்சிய பிரதிகளிலிருந்து எடுத்த, வெளிறிய நகல்கள். நான் இவ்வளவு நேரம் பேசிய அந்தச் சன்னல் வெளிச்சம், அந்தப் பாதி இருட்டில் கிடக்கும் முகம், அதில் ஓடும் கணக்கு எல்லாம் நகலில் சாம்பல் பூசிக்கிடக்கின்றன. ஒளியில் நடித்த நடிகைக்கு ஒளியே போய்விட்டால் என்ன மிஞ்சும்?

செய்ய முடியாத காரியம் இல்லை இது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 முதல் இருக்கிறது. அரவிந்தனின் 'தம்பு' என்ற 1978ஆம் ஆண்டு மலையாளப் படத்துக்கு அசல் நெகட்டிவ் இல்லாத நிலையிலும், புனேயில் காப்பாற்றிவைத்திருந்த பிரதியைக் கொண்டு ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அதை மீட்டெடுத்தது. 2022இல் கான் விழாவில் திரையிட்டார்கள். ஒரு நல்ல பிரதி இருந்தால் போதும், வழி இருக்கிறது. இங்கிருந்து வேளச்சேரியைத் தாண்டினால் தரமணி. அரசின் திரைப்படக் கல்லூரி அங்கே இருக்கிறது. குளிரூட்டிய ஒரு சேமிப்பறையும், படச்சுருளைக் கையாளத் தெரிந்த சில பேரும், தொடர்ந்து பணம் ஒதுக்கும் மனமும் இருந்தால் தமிழுக்கென்று ஒரு காப்பகத்தை அங்கேயே தொடங்கலாம். பழைய விநியோகஸ்தர்கள், மூடிய தியேட்டர்களின் உரிமையாளர்கள் வீட்டுப் பரணில் பெட்டிகள் இன்னும் கிடக்கின்றன. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் அதில் சில கெட்டுப்போகின்றன. ஈரம் என்ன செய்யும் என்பதைப் பள்ளிக்கரணைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி ஒரு காப்பகம் கேட்டு அரசுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசலில் மேசைமேல் இருக்கிறது. 'வீடு', 'சந்தியா ராகம்' என்ற இரண்டு பெயர்களும் அதில் முதலில் இருக்கின்றன. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் உறவிலோ பழக்கத்திலோ பழைய படச்சுருள் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், தூக்கி எறிவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.